சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்வேன், ஆனாலும் நான் கேட்பதில்லையாம்

கேள்வி: பல்லடம் பக்கம் விசைத்தறி வைத்து, கூலிக்கு நெய்து கொடுக்கிறேன். வயது 51. என் மகள் கோவையில் விடுதியில் தங்கிப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளுக்கு நான்கு பாடத்தில் அரியர் இருக்கிறது, இரவில் தூங்குவதில்லை, படிப்பையே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறாள் என்பதெல்லாம் போன மாதம் என் கொழுந்தியாள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டால், "போன வருசமே சொன்னனுங்கப்பா, நீங்கதான் கேக்கல" என்கிறாள். கேட்டேனே! "இங்க எனக்குப் புடிக்கலீங்கப்பா" என்று போனில் சொன்னது வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "முதல் வருசம் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் கண்ணு, போகப் போகச் சரியாயிரும்" என்று தைரியமும் சொன்னேன். மனைவியும் மகள் பக்கம்தான். "உங்ககிட்டச் சொல்றதுக்கு அந்தத் தறிகிட்டச் சொல்லலாம்" என்கிறாள். எங்களுக்குக் கல்யாணமாகி 24 வருடம் ஆகிறது. அவள் எதை ஆரம்பித்தாலும் எங்கே போய் முடிப்பாள் என்று எனக்குத் தெரியும். நான் யாரையும் திட்டுகிறவன் இல்லை. யார் என்ன பிரச்சினை சொன்னாலும் உடனே ஒரு வழி சொல்லிவிடுவேன். திருப்பூரில் ஒரு தொழில் பயிற்சி வகுப்பில், பேச்சில் 93 சதவீதம் உடல்மொழிதான் என்றார்கள். அதையும் செய்து பார்த்துவிட்டேன், கண்ணைப் பார்த்துத் தலையாட்டுகிறேன். இதற்கு மேல் எப்படிக் கேட்பது?

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கேள்விக்குப் போவதற்கு முன் அவசரமான ஒன்று. தூக்கம் போய்விட்டது, படிப்பு பிடிபடவில்லை, எல்லாவற்றையும் விட்டுவிடலாம் போலிருக்கிறது என்று இருபது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் சொன்னால், அவளுக்கு உயிர் மேலேயே வெறுப்பு வந்திருக்கிறதா என்று நேராகக் கேட்டுவிட வேண்டும். நீங்களோ உங்கள் மனைவியோ அவள் சித்தியோ, அவள் யாரிடம் மனம் விட்டுப் பேசுவாளோ அவர்கள் கேட்கட்டும். "சாகணும்னு எப்பவாவது தோணுச்சா கண்ணு?" என்று தெளிவான சொல்லில் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. கேட்கப்பட்ட பிள்ளைக்குப் பெரும்பாலும் பாரம்தான் குறைகிறது. ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ, அவளைத் தனியாக விடாமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

அடுத்தது உங்கள் காது. காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போய் ஆடியோகிராம் என்கிற கேட்புச் சோதனையை எடுத்துவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இதற்கான பிரிவு இருக்கிறது. உங்கள் மனைவி கோபத்தில்தான் தறியை இழுத்தார். ஆனால் விசைத்தறிக்கூடத்தின் சத்தம் சாதாரணமாக 90 டெசிபலைத் தாண்டும். 85 டெசிபலுக்கு மேல் தினமும் எட்டு மணி நேரம், வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தால் உட்காதிலுள்ள நுண்ணிய மயிர்ச்செல்கள் சாகின்றன. செத்த செல் மறுபடி முளைப்பதில்லை. பாதிப்பு ஒரே நாளில் தெரியாது. 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சு ஒலிகள் முதலில் மங்கும். உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்த அலைகளில் இருப்பதால் அது காதில் விழுந்துகொண்டே இருக்கும். ச, த, க மாதிரியான மெய்கள் மட்டும் நழுவும். ஆகவே இப்படி ஆனவர் "கேக்கல" என்று சொல்லமாட்டார். சத்தம் கேட்கிறது, பாதிச் சொல் புரிகிறது, மீதியை அவரே ஊகித்து நிரப்பிக்கொண்டு பதில் சொல்கிறார். மிக்ஸி ஓடும்போதும் டிவி ஓடும்போதும் இது மோசமாகும். சொற்களைப் பிடிப்பதற்கே மனத்தின் பலமெல்லாம் செலவாகிவிட்டால், சொல்பவரின் குரல் ஏன் தழுதழுக்கிறது என்று கவனிக்க என்ன மிஞ்சும்? மனைவி, பிள்ளைகளின் கோபத்தோடு வருகிற தறிக்காரர்களை முதலில் நான் காது சோதனைக்குத்தான் அனுப்புகிறேன். குறை இருந்தால் கருவி வைத்துக்கொள்ள வெட்கப்படாதீர்கள். குறை இல்லையென்றாலும் கூடத்துக்குள் நுழையும்போது காதடைப்பான் போடுங்கள். உங்களிடம் வேலை செய்கிறவர்களுக்கும் வாங்கிக் கொடுங்கள்.

சரி, காது நன்றாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மகள் சொன்னதை ஒரு வருடம் கழித்தும் வார்த்தை மாறாமல் சொல்கிறீர்கள். அப்புறம் எப்படி "நீங்க கேக்கல" என்கிறாள்?

அந்தப் போன் பேச்சை மறுபடி பாருங்கள். "இங்க எனக்குப் புடிக்கலீங்கப்பா" என்கிறாள். இதில் விஷயம் எதுவுமே இல்லை. எது பிடிக்கவில்லை? படிப்பா, விடுதிச் சாப்பாடா, அறைத்தோழியா, ஆங்கிலத்தில் நடத்தும் பாடமா, யாராவது தொந்தரவு செய்கிறார்களா? அவள் கதவைத் தட்டிப் பார்த்தாள், அவ்வளவுதான். நீங்கள் திறக்கும் முன்பே பதில் சொல்லி அனுப்பிவிட்டீர்கள். நீங்கள் சொன்ன தைரியத்தில் தப்பு இல்லை, முதல் வருடம் பலருக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பதில் எந்தப் பெண்ணுக்கும் பொருந்தும். அவளுக்கென்று அதில் எதுவும் இல்லை. ஒரு வரியில் பேச்சு முடிந்துவிட்டது, அடுத்த வரியைச் சொல்ல அவளுக்கு இடமில்லை. அதைத்தான் "கேக்கல" என்கிறாள்.

இதில் நீங்கள் தனி ஆள் இல்லை. மனிதப் பேச்சின் வேகமே நம்மை அப்படித் தள்ளுகிறது. நெதர்லாந்தின் நைமேகன் நகரிலுள்ள மொழி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள், ஜப்பானியம், கொரியம், டேனிஷ் உட்படப் பத்து மொழிகளில் மக்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்வதைப் பதிவுசெய்து 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் நடுவில் சராசரியாக 200 மில்லிவினாடிதான் இருந்தது. ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரை வாயால் சொல்வதற்கே அரை வினாடிக்கு மேல் ஆகும். அப்படியென்றால் எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும் முன்பே நாம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். கடைக்காரரிடம் நூல் விலை பேசும்போது இது உதவும். பேச்சு தொய்யாமல் ஓடுவதே இதனால்தான். ஆனால் ஒரு பிள்ளை தனக்கே இன்னும் பிடிபடாத ஒன்றைத் தட்டுத்தடுமாறிச் சொல்லும்போது, நம் மனம் அவள் பேச்சின் பின்பாதியை விட்டுவிட்டு நம் பதிலிடம் போய்விடுகிறது.

இதற்கு நான் சொல்லும் பயிற்சி சாதாரணமானது, ஆனால் கஷ்டமானது. பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது என்று உணரும்போது, அதைச் சொல்லாமல் ஒரு மூச்சு விடுங்கள். அவள் நிறுத்தியதும் மனத்துக்குள் இரண்டு எண்ணுங்கள். பலரும் அந்த இடைவெளியில் மறுபடி பேசத் தொடங்குவார்கள். அப்போது வருவதுதான் அவர்கள் சொல்ல வந்தது. போனில் இது இன்னும் சிரமம். நீங்கள் அமைதியாக இருந்தால் "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்பாள். "இருக்கேன் சாமி, நீ சொல்லு" என்றால் போதும்.

"யார் என்ன பிரச்சினை சொன்னாலும் உடனே ஒரு வழி சொல்லிவிடுவேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்ட வரி அது. பெருமையோடு எழுதியிருப்பீர்கள், அந்தப் பெருமையில் நியாயமும் இருக்கிறது. பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அறுந்த நுனியைப் பார்த்து முடிச்சுப் போட்டு, மறுபடி ஓட்டுவதுதான் உங்கள் தொழில். எவ்வளவு சீக்கிரம் முடிச்சு விழுகிறதோ அவ்வளவு லாபம். தறியில் அறுந்த இடம் கண்ணுக்குத் தெரிகிறது. மனிதர் பேச்சில் அறுந்த இடம் முதல் வாக்கியத்தில் இருப்பதே இல்லை.

மருத்துவர்களை வைத்து இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 1984இல் வெளியிட்ட ஆய்வுக்காக ஹோவர்ட் பெக்மேன், ரிச்சர்ட் ஃபிராங்கல் என்ற இருவர் அமெரிக்காவில் 74 மருத்துவச் சந்திப்புகளைப் பதிவு செய்தார்கள். நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கியதும், சராசரியாக 18 வினாடியில் மருத்துவர் குறுக்கே புகுந்துவிட்டார். முதலில் சொன்ன உபாதையைப் பிடித்துக்கொண்டு கேள்விகளை அடுக்கினார். நோயாளி கடைசியில் சொல்ல வைத்திருந்த உபாதை பல சமயம் வெளியே வராமலே போனது. விட்டால் நோயாளி மணிக்கணக்கில் பேசுவார் என்பது மருத்துவர்களின் பயம். சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக மருத்துவமனையில் அதையும் சோதித்தார்கள். குறுக்கிடாமல் கேட்கும்படி மருத்துவர்களைப் பழக்கி, நோயாளி தானாக நிறுத்தும்வரை நேரம் குறித்தார்கள். 2002இல் வெளியான அந்த ஆய்வில் சராசரி 92 வினாடி. நான்கில் மூன்று பேருக்கு மேல் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். நீங்கள் மகளுக்குக் கொடுக்கத் தவறியது அந்த இரண்டு நிமிடம்தான். அதைப் பொறுமையின் சிகரம் என்றெல்லாம் நினைத்து மலைக்க வேண்டாம்.

கேட்பவர் சும்மா இருந்தால் போதுமா என்றால், போதாது. நம் பாட்டிகள் கதை சொல்லும்போது "ம் கொட்டு, அப்பத்தான் சொல்லுவேன்" என்பார்கள். குழந்தை தூங்கிவிட்டதா என்று பார்ப்பதற்காக மட்டும் அப்படிச் சொல்லவில்லை. ம் கொட்டினால்தான் சொல்கிறவருக்குக் கதை வரும். கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் பாவேலாஸும் அவருடைய சகாக்களும் இதை அழகாகக் காட்டினார்கள். தாங்கள் ஆபத்தில் மயிரிழையில் தப்பித்த கதையை ஒருவர் இன்னொருவரிடம் சொல்ல வேண்டும். கேட்பவர்களில் சிலருக்கு மட்டும் ரகசியமாக ஒரு வேலை: ஆங்கிலத்தில் 'டி' (T) எழுத்தில் தொடங்கும் சொல் வரும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அவர்கள் ஒவ்வொரு சொல்லையும் உன்னிப்பாகக் கேட்டார்கள், ஆனால் கதையைக் கேட்கவில்லை. விளைவு சொன்னவரிடம் தெரிந்தது. நன்றாகப் போய்க்கொண்டிருந்த கதை உச்சக்கட்டத்தில் தடுமாறியது. சட்டென்று முடித்தார்கள், அல்லது முடிக்கத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தார்கள், "பெரிய ஆபத்துதான், தெரியுமா" என்று விளக்கம் சொல்லி நியாயப்படுத்தினார்கள். கேட்பவர் சரியில்லாததால் சொல்பவரின் பேச்சு கெட்டது.

இந்த ஆய்வை உங்களுக்கு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது என்கிறீர்கள். பொத்தான் அழுத்தியவர்களுக்கும் வார்த்தைகள் எல்லாம் காதில் விழுந்தன. அவர்களிடம் இல்லாமல் போனது இடமறிந்து வரும் "அய்யய்யோ", "அப்புறம்?", "அவ என்ன சொன்னா?" ஆகியவைதான். வெறும் "ம்" எதைக் கேட்டாலும் சொல்லலாம். "அப்ப ராத்திரி தனியாவா இருந்த?" என்று கேட்க, கதைக்குள் இருந்தால்தான் முடியும். பயிற்சி வகுப்பில் கற்ற தலையாட்டல் வீட்டில் எடுபடாததற்கும் இதுதான் காரணம். தவறான இடத்தில் ஆடும் தலையை மனைவியும் மகளும் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அந்த 93 சதவீதக் கணக்கையும் மறந்துவிடுங்கள். நம் ஊர்ப் பயிற்சி வகுப்புகளில் இதை வேதவாக்கு போலச் சொல்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967இல் வெளியிட்ட சோதனைகளிலிருந்து எடுத்த எண் அது. தனிச் சொற்களைப் பலவிதக் குரலில் சொல்லி, முகப் படங்களைக் காட்டி, சொல்பவருக்குப் பிரியமா வெறுப்பா என்று கேட்டார்கள். சொல் ஒன்றும் குரல் ஒன்றுமாக முரண்படும்போது மக்கள் எதை நம்புகிறார்கள் என்பதுதான் அங்கே கேள்வி. பேச்சின் பொருளில் சொற்களுக்கு 7 சதவீதம்தான் பங்கு என்று அவர் சொல்லவில்லை. உங்கள் மகளின் முகத்தைப் பார்க்காமல் போனிலேயே உங்களால் கேட்க முடியும். அவள் சொல்ல வருவதைப் பிடித்தாலே போதும்.

திருப்பிச் சொல்வது பற்றி. 1957இல் கார்ல் ரோஜர்ஸும் ரிச்சர்ட் ஃபார்சனும் 'செயலூக்கமாகக் கேட்டல்' என்ற கருத்தை எழுதினார்கள். தொழிற்சாலை மேற்பார்வையாளர்கள் தொழிலாளிகளிடம் எப்படிப் பேசுவது என்பதற்காக எழுதப்பட்டது அது. சொன்னதைக் கேட்டு, நமக்குப் புரிந்ததை நம் சொற்களில் சொல்லிக் காட்டி, சரிதானா என்று பார்ப்பது அதில் ஒரு முக்கியமான படி. நீங்கள் செய்வது ஒப்பிப்பது. ஒப்பித்தால் நினைவாற்றல்தான் தெரியும். புரிந்ததைச் சொல்லிக் காட்டினால், தப்பாகப் புரிந்திருந்தால் அவள் திருத்த முடியும். உதாரணத்துக்கு:

"இங்க எனக்குப் புடிக்கலீங்கப்பா."

"ம்... எப்படிப் புடிக்கல?"

"தெரியல. கிளாஸ்ல உக்காந்தா ஒண்ணுமே ஏற மாட்டேங்குது."

"அப்ப பாடம் கஷ்டமா இருக்குங்கற."

"பாடம்கூட இல்லீங்கப்பா. எல்லாரும் டக்கு டக்குன்னு பதில் சொல்றாங்க. நான் மட்டும்தான் முழிக்கறேன். டவுட் கேட்டாச் சிரிக்கறாங்க."

இந்த அப்பா என்ன செய்தார் பாருங்கள். பாடம் கஷ்டம் என்று அவர் புரிந்துகொண்டது தப்பு. ஆனால் தப்பாகப் புரிந்ததை வெளியே சொன்னதால்தான் மகள் "பாடம்கூட இல்ல" என்று திருத்தினாள். விஷயம் வெளியே வந்தது. "அது இல்லீங்கப்பா" என்று பிள்ளை சொன்னால் தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள். உங்களைத் திருத்தினால் நீங்கள் திருந்திக்கொள்வீர்கள் என்று நம்புகிற பிள்ளைதான் அப்படிச் சொல்லும்.

இதைப் புத்தகத் தமிழில் செய்ய வேண்டாம். "நீ மனவேதனையில் இருக்கிறாய் என்பது எனக்குப் புரிகிறது" என்று பல்லடத்து அப்பா ஒருவர் திடீரென்று பேசினால் பிள்ளை பயந்துவிடும். உங்கள் வாயில் இயல்பாக வருவதே போதும். "ஏன்" என்று தொடங்கும் கேள்விகளை மட்டும் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வையுங்கள். விஷயம் தெரிந்ததும் நீங்கள் கேட்ட முதல் கேள்வியே "ஏன் என்கிட்டச் சொல்லல?" என்பதுதான். உங்கள் வலி அதில் இருக்கிறது, புரிகிறது. ஆனால் அவள் காதில் அது விசாரணையாக விழுந்திருக்கும். நான்கு அரியரோடு தூங்காமல் இருப்பவள், அந்த நேரத்தில் உங்கள் வருத்தத்துக்கும் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

இனி உங்கள் மனைவி. "அவள் எதை ஆரம்பித்தாலும் எங்கே போய் முடிப்பாள் என்று எனக்குத் தெரியும்" என்கிறீர்கள். பெரும்பாலான கணவர்களும் மனைவிகளும் இதை நம்புகிறார்கள். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், கெனத் சாவிட்ஸ்கி, போவாஸ் கீசர், நிக்கலஸ் எப்லி முதலியோர் 24 தம்பதிகளை உட்காரவைத்து, பல விதமாக அர்த்தம் கொள்ளக்கூடிய வாக்கியங்களைச் சொல்லச் செய்தார்கள். கேட்பவர் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டும். தாங்கள் சொன்னதை அந்நியரைவிடத் தங்கள் துணை நன்றாகப் புரிந்துகொள்வார் என்று சொன்னவர்கள் எதிர்பார்த்தார்கள். நிஜத்தில் துணையும் அந்நியரும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் புரிந்துகொண்டார்கள். அந்நியரிடம் நாம் கவனமாக இருக்கிறோம், சந்தேகம் வந்தால் கேட்டுக்கொள்கிறோம். கூடவே வாழ்கிறவரிடம் தெரியும் என்ற நினைப்பே கேட்கவிடாமல் செய்துவிடுகிறது.

உங்கள் வீட்டில் எப்படி என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ வீடுகளில் பார்ப்பதைச் சொல்கிறேன். "இந்த நோம்பிக்கு நான் அம்மா ஊட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துட்டு வரட்டுங்களா?" என்று மனைவி ஆரம்பிப்பார். கணவர் மனத்தில் உடனே செலவும், இங்கே யார் சமைப்பது என்பதும் ஓடும். "போன வருசம்தானே போன?" என்பார். அம்மாவுக்கு முடியாமல் போய்விட்டது, இன்னும் எத்தனை நோம்பி அவரோடு என்று மனைவி நினைத்தது பேச்சாக வரவே இல்லை. அவர் முடிக்கப்போகும் இடம் உங்களுக்குத் தெரிந்தே இருந்தாலும், ஒருமுறை அவரே முடிக்கட்டும். பல சமயம் அது நீங்கள் நினைத்த இடமாக இருக்காது.

இன்னொரு சந்தேகம் உங்களுக்கு இருக்கும். கடிதத்தில் எழுதவில்லை, ஆனால் என்னிடம் வருகிற அப்பாக்கள் எல்லோரும் கேட்பது: "எல்லாத்தையும் ம் ம்னு கேட்டா, சரின்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா? நாளைக்கே படிப்பை நிறுத்தறேன்னு வந்து நிப்பாளே?" கேட்பது வேறு, சம்மதிப்பது வேறு. முழுதாகக் கேட்டுவிட்டு, "நீ சொல்றது புரியுது கண்ணு, ஆனா நிறுத்தறதுல எனக்குச் சம்மதம் இல்ல" என்று சொல்லலாம். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பயப்படும் அளவுக்குப் பெரும்பாலும் போவதில்லை. இஸ்ரேலில் கை இட்ஸ்சாகோவ், ஆவி க்ளூகர் ஆகியோர் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வுகளில், நல்ல கேட்பாளரிடம் பேசியவர்கள் தங்கள் கருத்தின் மறுபக்கத்தையும் தாங்களே பார்க்கத் தொடங்கினார்கள். மறுத்துப் பேசுகிறவரிடம் நாம் நம் கட்சியை இன்னும் இறுக்கிப் பிடிப்போம். யாரும் எதிர்க்காதபோதுதான் "ஆனா மேத்ஸ் மட்டும் எனக்கு நல்லா வருதுங்கப்பா" என்பதைத் தானாகச் சொல்ல முடிகிறது. படிப்பை விடுவதா, துறையை மாற்றுவதா, ஒரு செமஸ்டர் தள்ளி எழுதுவதா என்ற பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும். அரியர் எழுதும் விதிகளையும் துறை மாற்றத்துக்கு வழி உண்டா என்பதையும் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவள் கேட்கும்வரை அதை வெளியே எடுக்காதீர்கள்.

பேச்சு சூடானால் என்ன செய்வது? நீங்கள் திட்டுகிறவர் இல்லை என்கிறீர்கள். அப்படிப்பட்டவர்கள் பலர் கோபம் வந்தால் எழுந்து தறிக்குப் போய்விடுவார்கள். தம்பதிகளைப் பல ஆண்டுகள் ஆய்வு செய்த ஜான் காட்மன், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் யாராலும் சரியாகக் கேட்க முடியாது என்கிறார். குறைந்தது 20 நிமிட இடைவெளி வேண்டும் என்பது அவர் யோசனை. ஆகவே எழுந்து போவது தப்பில்லை. சொல்லாமல் போவதும் திரும்பி வராததும்தான் தப்பு. "எனக்கு இப்பப் படபடன்னு வருது, சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். சாப்பிட்டதும் நீங்களே போய்ப் பேச்சை எடுங்கள். மனைவி மறுபடி ஆரம்பிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மகளிடம் எப்படித் தொடங்குவது? கூடத்தில் உட்காரவைத்து, பெரியவர்களைச் சுற்றி வைத்துக்கொண்டு பேச வேண்டாம். எதிரெதிரே உட்கார்ந்தால் பரீட்சை மாதிரி ஆகிவிடும். விடுதியில் கொண்டுபோய் விடும்போது பல்லடத்திலிருந்து கோவைக்கு வண்டியில் ஒரு மணி நேரமாவது ஆகும். இருவர் பார்வையும் சாலையில் இருக்கும்போது சொல்வதற்குச் சங்கடமான விஷயங்கள் சுலபமாக வரும். ரேடியோவை அணையுங்கள், போனை அமைதியில் போடுங்கள். ஆனால் முதல் பயணத்திலேயே எல்லாம் வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு வருடம் முன்னால் சொல்லிப் பார்த்துப் பலனில்லை என்று மனத்தில் பதிந்துவிட்டது. முதலில் சின்ன விஷயங்களைச் சொல்லித்தான் சோதிப்பாள். அறைத்தோழி பற்றியோ மெஸ் சாப்பாடு பற்றியோ குறை சொல்வாள். அதற்கு வழி சொல்லாமல் கேட்கிறீர்களா என்று பார்ப்பாள். யோசனை சொல்லாமல் இருக்கவே முடியவில்லை என்றால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்: "நான் ஏதாவது சொல்லட்டுமா கண்ணு, இல்ல கேட்டாப் போதுமா?" கேட்டால் போதும் என்றால், அன்றைக்கு உங்கள் வேலை அதோடு முடிந்தது.

அவள் சித்தியிடம் முதலில் சொன்னதற்காகக் கொழுந்தியாளிடம் மனத்தாங்கல் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த வழி திறந்தே இருக்கட்டும். அவள் இன்னும் சில மாதங்களுக்கு உங்களிடம் சொல்லாததைச் சித்தியிடம்தான் சொல்லுவாள். அப்படிச் சொன்னதை "சித்திகிட்டச் சொன்னியாமே" என்று அவளிடம் திருப்பிக் கேட்டுவிட்டால் இரண்டு வழியும் அடைந்துவிடும்.

அவள் வரும்வரை பொறுக்க முடியாமல் வாட்ஸ்அப்பில் நீளமாக எழுத உங்களுக்குத் தோன்றும். வேண்டாம், இரண்டு வரி போதும்: "போன வருசம் நீ புடிக்கலைன்னு சொன்னப்ப நான் முழுசாக் கேக்காம பதில் சொல்லிட்டேன். உனக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லு, இந்தத் தடவை கேக்கறேன்." இதோடு அரியரைப் பற்றி ஒரு வார்த்தையும் சேர்க்காதீர்கள். பதில் வர நாளாகலாம். பார்த்துவிட்டாள் என்று நீலக்குறி காட்டினாலும் மறுபடி எழுத வேண்டாம். வழக்கமாகப் போன் பேசும் நேரத்தில் வழக்கம்போலப் பேசுங்கள், தூங்கினாயா என்று மட்டும் தினமும் கேளுங்கள். இரண்டு வாரமாகியும் தூக்கம் திரும்பவில்லை என்றால், அவள் உங்களிடம் மனம் திறந்தாலும் திறக்காவிட்டாலும், மருத்துவரிடம் கூட்டிப்போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.